நிலையத்துக்கு எதிரே: ஆய்வுத் தளங்களும் நிரல் கோப்புப் பாதைகளும்

திருவனந்தபுரம் தம்பானூரில் பேருந்து நிலையத்துக்கு வழி கேட்பவருக்குக் கிடைக்கும் விடை ஒன்றே: "ரயில் நிலையத்துக்கு எதிரே." நாகர்கோவிலிலிருந்து காலை வண்டியில் வந்திறங்கும் மாணவருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படுவதில்லை, வெளியே வந்து சாலையைக் கடந்தால் போதும். ஆனால் இந்த விடை சரியாக இருப்பதற்குக் காரணம் அதன் சொற்கள் அல்ல. ரயில் நிலையம் தம்பானூரில் இருப்பதே காரணம். கொல்லத்திலிருந்து வந்த இருப்புப்பாதை 1918-இல் திருவனந்தபுரத்தை எட்டியபோது சாக்கையில் முடிந்தது. அது தம்பானூர் வரை நீட்டிக்கப்பட்டது 1931-இல்தான். எனவே 1925-ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்றில் "ரயில் நிலையத்துக்கு எதிரே" என்று முகவரி எழுதப்பட்டிருக்குமானால், அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்று தம்பானூரில் தேடுபவர் எதையும் கண்டுபிடிக்க மாட்டார். கடிதத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. எந்த இடத்தை அடிப்படையாகக் கொண்டு அந்தச் சொற்கள் எழுதப்பட்டனவோ அந்த இடம் மாறிவிட்டது.

பல்கலைக்கழகத் துறைகளில் உருவாகும் இணையச் செயலிகள் பலவற்றின் கதையும் இதுவே. சங்க இலக்கியச் சொல்லடைவு, கல்வெட்டுத் தரவுத்தளம், வட்டார வழக்கு வரைபடம் என ஆய்வேட்டின் பகுதியாக ஒரு தளம் உருவாக்கப்படுகிறது. ஆய்வாளரின் மடிக்கணினியில் அது குறையின்றி இயங்குகிறது. துறையின் வழங்கிக்கு மாற்றியதும் முகப்புப் பக்கம் திறக்கிறது, பாடல்கள் தெரிகின்றன. தேடல் பொத்தானை அழுத்தினால் மட்டும் எதுவும் நிகழ்வதில்லை. தேடலை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு பக்கம் தேடிய இடத்தில் இல்லை என்பதே காரணம். கோப்பு தொலையவும் இல்லை, பழுதாகவும் இல்லை. அதைச் சுட்டிய பாதை வேறோர் இடத்தைச் சுட்டத் தொடங்கியிருக்கிறது.

இதனை நிரலாளர் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறு பழுது என்று ஆய்வுலகம் ஒதுக்கிவிடுவது வழக்கம். அந்த வழக்கம் தவறானது. நிரல் கோப்புக்குப் பாதை எழுதுவது மேற்கோளுக்கு அடிக்குறிப்பு எழுதுவதற்கு நிகரான செயல். அடிக்குறிப்பில் பக்க எண் தவறினால் நெறியாளர் திருத்துகிறார், தேர்வாளர் குறிப்பெழுதுகிறார். பாதை தவறினால் கேட்பார் யாருமில்லை. ஆனால் விளைவு அடிக்குறிப்புத் தவற்றைவிடப் பெரியது. படிப்பவரால் சான்றைச் சென்றடைய முடியாது. அத்துடன், சான்றே இல்லை என்று அவர் தவறாக முடிவு செய்துவிடவும் கூடும்.

இந்த இரண்டாவது ஆபத்தைச் சற்று விளக்க வேண்டும். ஒரு பக்கத்தில் எழுத்தும் படமும் எச்டிஎம்எல் கோப்பிலேயே இருக்கும். எண்ணுதல், தேடுதல், வரிசைப்படுத்துதல் ஆகியவை நிரல் கோப்பின் வேலை. நிரல் வந்து சேராவிட்டால் உலாவி வாசகரிடம் எதுவும் சொல்லாது. கன்சோலைத் திறந்து பார்ப்பவருக்கு மட்டுமே ஒரு சிவப்பு வரி தெரியும். பக்கத்தில் "மொத்த இடங்கள்: 0" என்று தொடக்க மதிப்பாக எழுதி, நிரல் வந்ததும் அதை மாற்றும்படி அமைப்பது பரவலான முறை. நிரல் வராதபோது அந்தச் சுழியம் அப்படியே நிற்கும். குறிப்பிட்ட சொல் அந்த நூலில் ஓரிடத்திலும் இல்லை என்று ஒரு வாசகர் அதைப் படித்துக்கொள்ளலாம். தம் கட்டுரையில் எடுத்தாளவும் செய்யலாம். இயங்காத பக்கம் ஆய்வு முடிவுபோல் தோற்றமளிப்பது இயங்காமையைவிடத் தீங்கானது.

பாதைகள் எவ்வாறு பொருள்கொள்ளப்படுகின்றன என்பதற்குத் தெளிவான விதிகள் உள்ளன. சார்பு முகவரிகளுக்கான விதிகளை ராய் ஃபீல்டிங் 1995-இல் ஆர்எஃப்சி 1808 என்ற ஆவணத்தில் வகுத்தார். இன்று நடைமுறையிலுள்ள ஆர்எஃப்சி 3986, டிம் பெர்னர்ஸ்-லீ, ஃபீல்டிங், லேரி மாசின்டர் ஆகியோரால் 2005 ஜனவரியில் வெளியிடப்பட்டது. சாரம் எளியது. முழு முகவரியாக இல்லாத எந்தப் பாதையையும் உலாவி ஓர் அடிப்படை முகவரியோடு இணைத்தே படிக்கும். நிரல் கோப்பைப் பொறுத்தவரை அந்த அடிப்படை, வேறுவிதமாகச் சொல்லப்படாவிட்டால், முகவரிப் பட்டையில் தெரியும் பக்கத்தின் முகவரியே. வழங்கியின் வன்தட்டில் அந்தப் பக்கத்தின் வார்ப்புருக் கோப்பு எந்தக் கோப்புறையில் இருக்கிறது என்பது உலாவிக்குத் தெரியவும் தெரியாது; அதற்குத் தேவையும் இல்லை. தொடக்கநிலை மாணவர்களின் பிழைகளில் பெரும்பகுதி இந்த ஓர் இடத்தில்தான் பிறக்கிறது. அவர்கள் கோப்புறையைப் பார்த்துப் பாதை எழுதுகிறார்கள். உலாவியோ முகவரியைப் பார்த்துப் பாதையைப் படிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. ஒரு பக்கத்தில் "நிரல்கள்/எண்ணி.ஜேஎஸ்" என்று பாதை எழுதப்பட்டிருப்பதாகக் கொள்வோம். பக்கத்தின் முகவரி "/தேடல்" என முடிந்தால், உலாவி கடைசிச் சாய்கோட்டுக்குப் பின்னுள்ளதை விலக்கிவிட்டு "/நிரல்கள்/எண்ணி.ஜேஎஸ்" என்ற இடத்தில் கோப்பைக் கேட்கும், கோப்பு கிடைக்கும். அதே வார்ப்புரு "/தேடல்/குறுந்தொகை" என்ற முகவரியில் திறக்கப்பட்டால் உலாவி "/தேடல்/நிரல்கள்/எண்ணி.ஜேஎஸ்" என்று கேட்கும், அங்கே எதுவும் இல்லை. "/தேடல்" என்பதன் இறுதியில் ஒரு சாய்கோடு சேர்ந்து "/தேடல்/" ஆனாலும் இதே கதிதான். முகப்பிலிருந்து தொடங்கிச் சோதிப்பவர் இதைக் காண மாட்டார். யாரோ ஒருவர் உள்பக்கத்தின் முகவரியைக் கட்டுரையில் மேற்கோள் காட்டி, மற்றொருவர் அதை நேரடியாகத் திறக்கும்போதே பிழை வெளிப்படும். மேற்கோளுக்காகவே உருவான பக்கம் மேற்கோளின் வழியே வருபவரிடம்தான் தோற்கிறது.

இன்னொரு நுட்பமான பொறியும் உண்டு. அறியாத முகவரி எதற்கும் முகப்புப் பக்கத்தையே அனுப்பும்படி பல வழங்கிகள் இன்று அமைக்கப்படுகின்றன. ஒற்றைப்பக்கச் செயலிகளுக்கு அது தேவை. அத்தகைய வழங்கியில் தவறான பாதையில் நிரல் கோப்பைக் கேட்டால், "இல்லை" எனும் 404 விடை வராது. 200 என்ற வெற்றிக் குறியோடு எச்டிஎம்எல் பக்கம் ஒன்று வரும். உலாவி அதை நிரலாகப் படிக்க முயன்று முதல் குறியிலேயே தடுமாறும். வழங்கியின் பதிவேட்டைப் பார்க்கும் நிர்வாகிக்கு எல்லாம் நலமாகத் தெரியும். கடிதம் சேரவில்லை, சேர்ந்ததாகக் கையொப்பம் மட்டும் இருக்கிறது.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் தீர்வுகள் மூன்று. மூன்றும் பாதி உண்மைகளே.

முதல் தீர்வு, பாதையின் தொடக்கத்தில் ஒரு சாய்கோடு இடுவது. அப்போது அடிப்படை பக்கமாக இராது, தளத்தின் வேராக இருக்கும். எந்த உள்பக்கத்திலிருந்து பார்த்தாலும் பாதை ஒன்றே. தளத்துக்குத் தனி டொமைன் பெயர் இருக்கும்வரை இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் ஆய்வு மாணவரின் செயலிக்குத் தனி டொமைன் கிடைப்பது அரிது. பல்கலைக்கழகத் தளத்தின் கீழ், துறையின் பெயரில் ஒரு கோப்புறை, அதன் கீழ் திட்டத்தின் பெயரில் ஒரு கோப்புறை என்றே இடம் ஒதுக்கப்படும். அங்கே வேர் என்பது பல்கலைக்கழகத்தின் முகப்பு. சாய்கோட்டில் தொடங்கும் பாதை, கோப்பைத் தன் வீட்டில் தேடாமல் தெருமுனையில் போய்த் தேடும்.

இரண்டாம் தீர்வு, முழு முகவரியையே எழுதிவிடுவது. இது எங்கிருந்து பார்த்தாலும் மாறாது என்பது உண்மை. ஆனால் டொமைன் பெயர் மாறும் நாளில் எல்லாம் ஒருசேர முறியும். அதற்கு முன்பேகூட ஒரு கேடு உண்டு. தளத்தின் படி ஒன்றை வேறு கணினியில் வைத்துச் சோதிக்கும்போது, அந்தப் படி பழைய வழங்கியிலிருந்தே நிரலை எடுத்துக்கொண்டு ஒழுங்காக இயங்குவதுபோல் காட்டும். பழைய வழங்கி நிறுத்தப்படும்போதுதான் அது படியே அல்ல, வெறும் நிழல் என்பது தெரியவரும்.

மூன்றாம் தீர்வு, பக்கத்தின் தலைப்பகுதியில் 'பேஸ்' என்னும் குறியை இட்டு அடிப்படை முகவரியை வெளிப்படையாக அறிவிப்பது. இது ஒரே வரியில் எல்லாப் பாதைகளையும் சீராக்கும். அதனாலேயே கவனம் வேண்டும். அந்த அறிவிப்பு நிரல் கோப்புகளை மட்டுமன்றி அந்தப் பக்கத்தின் எல்லாச் சார்பு முகவரிகளையும் கட்டுப்படுத்தும். பக்கத்துக்குள்ளேயே அடிக்குறிப்புக்குத் தாவும் இணைப்புகளும் இதில் அடங்கும். "#குறிப்பு5" என்ற இணைப்பை அழுத்தினால் அதே பக்கத்தின் ஐந்தாம் அடிக்குறிப்புக்குப் போகாமல் முகப்புப் பக்கத்துக்குப் போய்விடும். அடிக்குறிப்புகளால் நிறைந்த ஆய்வுப் பக்கத்துக்கு இது சிறிய இழப்பன்று.

அப்படியானால் சரியான வழி எது? பாதையின் வடிவத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் வேறொரு கேள்வியைக் கேட்க வேண்டும்: எவை சேர்ந்து நகரும், எவை பிரிந்து நகரும்? ரயில் நிலையமும் பேருந்து நிலையமும் இடம் மாறாதவரை "எதிரே" என்பது மிகச் சிறந்த வழிகாட்டல். அதுபோல, பக்கங்களும் நிரல்களும் ஒரே கோப்புறைக்குள் இருந்து, பக்கத்தின் முகவரியும் கோப்பின் இருப்பிடமும் ஒன்றாக அமைந்த நிலைத்த தளத்தில், சார்புப் பாதையே எல்லாவற்றிலும் உறுதியானது. முழுக் கோப்புறையையும் பென்டிரைவில் எடுத்துச் சென்றாலும், வேறு வழங்கியில் எந்த ஆழத்தில் வைத்தாலும், ஒன்றுக்கொன்று உள்ள தொலைவு மாறாது. சார்புப் பாதை தாழ்ந்தது என்று பாடம் நடத்துபவர்கள் இந்த உண்மையை மறைத்துவிடுகிறார்கள்.

முகவரிகளை நிரலே உருவாக்கும் செயலியில் நிலைமை வேறு. "/தேடல்/குறுந்தொகை/40" என்பது கோப்புறை அல்ல, செயலி புனைந்த முகவரி. பக்கத்தின் ஆழம் கணந்தோறும் மாறும். கோப்பின் இடம் மாறாது. இரண்டும் பிரிந்து நகர்வதால் ஒன்றை மற்றொன்றிலிருந்து அளக்கக் கூடாது. இங்கே செய்ய வேண்டியது, தளத்தின் அடித்தளம் எது என்பதை அமைவுக் கோப்பில் ஒரே இடத்தில் எழுதி, எல்லாப் பாதைகளையும் அதிலிருந்து ஒரு செயற்கூற்றின் வழியே பெறுவது. பெரிய சட்டகங்கள் அனைத்தும் நீண்ட காலமாக இதற்கு வழி வைத்திருக்கின்றன. ஜாங்கோவில் 'ஸ்டேட்டிக்' குறிச்சொல், ஃப்ளாஸ்கில் முகவரி தரும் செயற்கூறு, ஏஎஸ்பி.நெட்டில் "~/" எனும் அலைக்குறி, ஜாவா செயலிகளில் சூழல் பாதை, வேர்ட்பிரஸில் நிரல்களை வரிசையில் சேர்க்கும் செயற்கூறு ஆகியவை பெயரில் வேறுபட்டாலும் நோக்கில் ஒன்றே. பாதையைக் கையால் எழுதாதே, கேட்டுப் பெறு என்பதே அவற்றின் பொதுப் பாடம். தளம் இடம் மாறினால் ஒரு வரியை மாற்றினால் போதும்.

நிரலுக்குள் நுழைந்த பிறகும் கவனம் தேவை. சிஎஸ்எஸ் கோப்பில் எழுதப்படும் படப்பாதை அந்தச் சிஎஸ்எஸ் கோப்பின் இடத்திலிருந்து அளக்கப்படும். ஜாவாஸ்கிரிப்ட் கூறு ஒன்று மற்றொன்றை 'இம்போர்ட்' செய்யும்போது அழைக்கும் கூற்றின் இடத்திலிருந்து அளக்கப்படும். ஆனால் அதே ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு தரவுக் கோப்பு ஒன்றை 'ஃபெட்ச்' கட்டளையால் வரவழைத்தால், அது பக்கத்தின் முகவரியிலிருந்து அளக்கப்படும். ஒரே கோப்பின் இரண்டு வரிகள் இரண்டு வெவ்வேறு இடங்களில் நின்று பேசுகின்றன. இதை அறியாதவர் நிரலை மணிக்கணக்கில் திருத்திக்கொண்டிருப்பார். திருத்த வேண்டியது நிரலை அன்று.

தமிழில் பணிபுரிபவர்களுக்கு உரிய சிக்கல் ஒன்று தனியே பேசப்பட வேண்டியது. விண்டோஸ் கணினியில் ஆங்கிலக் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றாகவே கொள்ளப்படும். லினக்ஸ் வழங்கியில் அவை வேறு வேறு. இது பலரும் அறிந்தது. தமிழில் பெரிய எழுத்துச் சிக்கல் இல்லை என்று ஆறுதல் கொள்ள முடியாது. யுனிகோடில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகளை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், இரண்டு குறியெண்களின் சேர்க்கையாகவும் எழுதலாம். இரண்டும் இணையானவை என்று யுனிகோடு தரமே கூறுகிறது. திரையில் வேறுபாடு தெரியாது. ஆனால் லினக்ஸ் கோப்பு முறைமை எழுத்தைப் பார்ப்பதில்லை, பைட்டுகளையே பார்க்கிறது. "தொல்காப்பியம்.ஜேஎஸ்" என்ற கோப்பில் "தொ" ஒருவிதமாகவும், பக்கத்தின் பாதையில் வேறுவிதமாகவும் அமைந்துவிட்டால் கோப்பு இல்லை என்றே விடை வரும். பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. அங்கிருந்து வந்த கோப்புகளில் இது நேரக்கூடும். கண்ணுக்கு முற்றிலும் ஒன்றான இரண்டு பெயர்களில் எது பிழை என்று எந்த மெய்ப்புத் திருத்துநராலும் சொல்ல முடியாது.

இதனால் தமிழில் கோப்புப் பெயர் வைக்கவே கூடாது என்று முடிவு கட்டுவது மிகையாகும். உள்ளடக்கம், தலைப்பு, வாசகர் காணும் பக்க முகவரி ஆகியவை தமிழில் இருப்பதே முறை. அவற்றை ஒரே யுனிகோடு வடிவத்துக்குச் சீராக்கும் படிநிலையைச் செயலியில் சேர்த்துவிட்டால் போதும். வாசகர் கண்ணில் படாத நிரல் கோப்புகளுக்கு எளிய சிறிய ஆங்கில எழுத்துப் பெயர் வைப்பதால் தமிழுக்குக் குறை எதுவும் நேர்ந்துவிடாது. ஓர் உத்தியாக மட்டுமே இதைக் கொள்ள வேண்டும், கொள்கையாக அன்று.

பாதை நம் வளாகத்தைவிட்டு வெளியே போகும்போது சிக்கல் இன்னொரு தன்மை பெறுகிறது. வரைபடம், எழுத்துரு, அட்டவணை என எதற்கும் பிறருடைய வழங்கியிலிருந்து நிரலை நேரடியாக அழைப்பது எளிது. 2016 மார்ச்சில் 'லெஃப்ட்-பேட்' என்ற பதினோரு வரி நிரலை அதன் ஆசிரியர் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதை மறைமுகமாகச் சார்ந்திருந்த எண்ணற்ற திட்டங்களின் உருவாக்கப் பணி உலகெங்கும் நின்றது. 2024-இல் நிகழ்ந்தது அதனினும் மோசம். பழைய உலாவிகளுக்கு உதவும் நிரலை வழங்கிவந்த 'பாலிஃபில்' தளத்தின் டொமைன் அந்த ஆண்டு கைமாறியது; ஜூன் மாதத்தில் அந்த முகவரியிலிருந்து தீங்கான நிரல் அனுப்பப்படுவது வெளிப்பட்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்கள் அதை அழைத்துக்கொண்டிருந்தன. அவற்றின் பாதைகள் ஓர் எழுத்தும் பிசகாதவை. முகவரி அதேதான், வீட்டில் குடியிருப்பவர் மாறிவிட்டார்.

ஆகவே நம்பகமான பாதை என்பது கோப்பைச் சென்றடையும் பாதை மட்டுமன்று. எதிர்பார்த்த அதே கோப்பைச் சென்றடையும் பாதை. பதிப்பு எண் குறித்த கோப்பின் படியைத் தளத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது ஆய்வுப் பணிக்கு எப்போதும் ஏற்றது. வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டுமென்றால், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணித்த கைரேகை போன்ற அடையாளத்தைப் பாதையின் அருகில் எழுதிவைக்கும் வசதி உலாவிகளில் உள்ளது. வந்த கோப்பு அந்த அடையாளத்தோடு பொருந்தாவிட்டால் உலாவி அதை இயக்காது.

இவ்விடத்தில் ரயில்வேயிடம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. திருவனந்தபுரம் என்ற பெயர் 1991-இல் அலுவல்முறையில் மீண்டது. தம்பானூர் நிலையத்தின் குறியீடு மட்டும் பழைய ஆங்கிலப் பெயரிலிருந்து பிறந்த டிவிசி என்றே தொடர்கிறது. மதராஸ் 1996-இல் சென்னையானது. சென்னை சென்ட்ரல் 2019-இல் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி. இராமச்சந்திரன் பெயரைப் பெற்றது. முன்பதிவு அமைப்பில் அதன் குறியீடு எம்ஏஎஸ்தான். பெயர் மக்களுக்கு, அதில் வரலாறும் அரசியலும் உணர்வும் உண்டு, அது மாறலாம், மாறவும் வேண்டும். குறியீடு அமைப்புக்கு, அது மாறாதிருப்பதால்தான் பெயர் மாற்றத்துக்கு இடம் கிடைக்கிறது. காரியவட்டத்துச் சுவடி நூலகத்தில் பணிபுரியும் மாணவருக்கும் இது புதிதன்று. சுவடி எந்த அலமாரியில் இருக்கிறது என்பதை அவர் மேற்கோள் காட்டுவதில்லை. சுவடி எண்ணைத்தான் காட்டுகிறார். அலமாரி மாறும், கட்டடமும் மாறலாம். எண்ணுக்கும் அலமாரிக்குமான தொடர்பைப் பட்டியல் ஒன்று காத்துக்கொள்ளும். செயலியின் அமைவுக் கோப்பு அந்தப் பட்டியலே.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மறுப்பு எழக்கூடும். ஆய்வாளரின் கடமை ஆய்வு. தளத்தைப் பேணுவது கணினி மையத்தின் கடமை. உதவித்தொகைக் காலம் முடிந்த பிறகும் மாணவரே தளத்தைச் சுமக்க வேண்டும் என்பது நியாயமா? நியாயமன்று. ஆனால் பேணுவதும் பேணத்தக்கதாகத் தருவதும் வேறு வேறு. பேணும் பொறுப்பை நிறுவனம் ஏற்க வேண்டுமானால், தரப்படும் பொருள் இன்னொருவர் கையில் இயங்கக்கூடியதாக இருக்க வேண்டும். தன் அறையில் மட்டும் திறக்கும் பூட்டோடு பெட்டியை ஒப்படைத்துவிட்டு, திறக்கவில்லை என்று காவலரைக் குறைகூற முடியாது.

நிறுவனங்களின் பங்கும் குறைவானதன்று. ஆய்வேடுகளை மின்வடிவில் ஒப்படைப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. இன்ஃப்ளிப்நெட் நடத்தும் சோத்கங்கா களஞ்சியத்தில் அவை பிடிஎஃப் வடிவில் சேர்கின்றன. ஆய்வேட்டின் உரை அவ்வாறு காப்பாற்றப்படுகிறது. அந்த உரை சான்றாகக் காட்டும் செயலியோ அதில் ஒரு முகவரியாக மட்டுமே எஞ்சுகிறது. முகவரிகளின் ஆயுள் எத்தகையது என்பது தெரிந்ததே. ஹார்வர்டு சட்டப் பள்ளியின் சிட்ரெய்ன், ஆல்பர்ட், லெசிக் ஆகியோர் நடத்திய ஆய்வு, அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டப்பட்ட இணைய முகவரிகளில் ஏறக்குறைய பாதி, முதலில் சுட்டப்பட்ட செய்தியைத் தருவதில்லை என்று கண்டது. 2013-இல் இருந்த வலைப்பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுக்குள் அணுக முடியாதவையாகிவிட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் அறிவித்தது. நீதிமன்றத் தீர்ப்புக்கே இந்த நிலை என்றால், துறை வழங்கியின் மூலையில் உள்ள ஆய்வுத் தளத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

செய்யக்கூடியது கடினமன்று, செலவும் இல்லை. செயலியோடு ஒப்படைக்கப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டுக்கும் ஓர் இடமாற்றச் சோதனையைத் துறைகள் கட்டாயமாக்கலாம். செயலி முழுவதையும் ஆய்வாளருடையதல்லாத லினக்ஸ் கணினி ஒன்றுக்கு மாற்ற வேண்டும். வேரில் வைக்காமல் இரண்டு கோப்புறை ஆழத்தில், வேறு பெயரில் வைக்க வேண்டும். இணைய இணைப்பைத் துண்டிக்க வேண்டும். பின்னர் முகப்பை அன்றி உள்பக்கம் ஒன்றை நேரடியாகத் திறந்து, இறுதிச் சாய்கோட்டோடு ஒருமுறையும் அது இன்றி ஒருமுறையும் பார்க்க வேண்டும். ஆய்வேட்டில் மேற்கோள் காட்டிய எண்ணிக்கை ஒன்றைத் தேடிப் பெற்று ஒப்பிட வேண்டும். நிரல் வராவிட்டால் பக்கம் சுழியத்தைக் காட்டாமல் "நிரல் கிடைக்கவில்லை" என்று சொல்கிறதா என்பதையும் காண வேண்டும். இதற்கு ஒரு பிற்பகல் போதும். மாணவரின் சகா ஒருவரே செய்து கையொப்பமிடலாம். பதிலுக்கு அவருடைய செயலியை இவர் சோதிக்கலாம்.

திருவனந்தபுரத்திலிருந்து இதைச் சொல்வதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2001-இல் தொடங்கிவைக்கப்பட்டது இந்நகரில்தான். பயன்படுத்தவும், கற்கவும், படியெடுக்கவும், மாற்றவும் உரிமை வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் அடிப்படை. உரிம ஆவணத்தில் அந்த உரிமையை எழுதிவைத்துவிட்டு, படியெடுத்தால் இயங்காதபடி பாதைகளை எழுதினால், கொடுத்த உரிமை தாளோடு நின்றுவிடும். மூல நிரலை வெளியிட்டதோடு கடமை முடிந்தது என்று கருதும் ஆய்வுக் குழுக்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வேறோர் ஊரில், வேறொரு கணினியில், முன்பின் அறியாத ஒருவர் கையில் இயங்கும்போதே அது பகிரப்பட்டதாகும்.

1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்கள் இன்றும் படிக்கக் கிடைப்பதற்குத் தன்னார்வலர்களின் உழைப்பு முதன்மைக் காரணம். அவை தன்னிறைவான எளிய கோப்புகளாக இருந்ததும் ஒரு காரணம். டிஸ்கியிலிருந்து யுனிகோடுக்கு மாறியபோதும் நூல்கள் தொலையவில்லை. இன்றைய செயலிகள் அவற்றைவிட நூறு மடங்கு வல்லவை. ஆனால் கால் நூற்றாண்டு கழித்து அவற்றில் எத்தனை இயங்கும் என்ற கேள்விக்கு அந்த வல்லமை விடையாகாது. அடித்தளம் எங்கே எழுதப்பட்டிருக்கிறது, எது எதைச் சார்ந்திருக்கிறது என்பவையே விடை.

2024-இல் கொச்சுவேளி நிலையம் திருவனந்தபுரம் வடக்கு ஆயிற்று. நேமம் திருவனந்தபுரம் தெற்கு ஆயிற்று. இனி இந்நகருக்கு வருபவரிடம் "ரயில் நிலையத்துக்கு எதிரே" என்று மட்டும் சொன்னால், எந்த நிலையம் என்று அவர் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும். மனிதரால் திரும்பக் கேட்க முடியும். உலாவியால் அது முடியாது. கொடுத்த பாதையில் சென்று, எதுவும் இல்லாவிட்டால் ஓசையின்றித் திரும்பிவிடும். எந்த நிலையம் என்பதைப் பாதை எழுதுபவரே முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் மாணவர்களும், கையொப்பமிடும் நெறியாளர்களும் அந்த ஒரு பிற்பகலை ஒதுக்க வேண்டும்.